என் பேரைச் சொல்லி மறக்கடித்த பால்

ஏழுமலை, இதை நானே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார் என்று நினைத்துவிடாதே. ஒரு வரி முடிவதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போகிறது. ஆனாலும் பேனாவை விட மனசில்லை. கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். உன் பேரை முழுசாக எழுதி, தாளைத் தள்ளி வைத்துப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக வாயால் கூப்பிட்ட பேரை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கலெக்டரு எழுதறாரு, யாரும் இருமிடாதீங்க" என்றாள். வீட்டில் அவளையும் என்னையும் தவிர இருமுவதற்கு ஆளே இல்லை. அதற்குக் காரணம் நீ. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். பேசினேன். நீ பாதியில் வைத்துவிட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நான் முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும். எழுதக் கற்றுக்கொண்டால் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது என்று யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை. மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கிய காலமெல்லாம் கட்டை விரலை மையில் அழுத்தியே ஓட்டியவன் நான். தோள் ஓய்ந்த பிறகு சாயங்கால வகுப்பில் போய் என் வயசு ஆட்களோடு பெஞ்சில் உட்கார்ந்தபோது நீ கேலி செய்தாய். உன் பெண்டாட்டி செல்வி செய்யவில்லை. "மாமா, மொத கடுதாசி யாருக்கு எழுதுவீங்க?" என்று கேட்டாள். "ஒனக்கு ரெண்டாவது பொறந்த அன்னிக்கு ஏழுமலைக்கு எழுதுவேன். அதுக்குள்ள யாரும் போன் பண்ணிச் சொல்லிடக் கூடாது" என்றேன். "அப்ப அவருக்குப் புள்ளைக்கு பேரு வெக்கிற அன்னிக்குத்தான் சேதி போவும்" என்று சிரித்தாள். அந்தக் கடிதத்துக்காக வாங்கி வைத்த தாள்தான் இது. உன் ரூமில் கூடத் தங்கியிருக்கும் பையன்கள் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். அவர்களுக்கும் நாளைக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும்.

நீ கம்பெனி லீவு விடும்போது வந்து போகிறவன். வீட்டில் நடப்பதில் பாதிதான் உனக்குத் தெரியும். யாழினிக்கு இரண்டு வயசு தாண்டிவிட்டது. ஓடுகிறாள், சோறு தின்கிறாள், கடைக்காரரிடம் சண்டை போட்டு மிட்டாய் வாங்குகிறாள். அப்புறம் நேராக வந்து "பாச்சி" என்று பால் கேட்டு அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்கிறாள். செல்விக்கு அடுத்தது நின்றதும் உன் அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வயிற்றில் ஒன்று இருக்கும்போது சுரப்பதைச் சூல்பால் என்பார்கள். அதைக் குடித்தால் பெரியதற்கு வயிற்றால் போகும், சவலையாகிவிடும், உள்ளே இருப்பதற்கும் சத்துப் போகாது என்று நம் பக்கத்தில் எல்லாப் பெண்களும் சொல்வார்கள். தெருவில் வருகிறவள் போகிறவள் எல்லாம் செல்வியை நிறுத்தி, "இன்னுமாடி குடுக்கற?" என்று கேட்டார்கள். அவள் பேசாமல் போய் நர்சம்மாவைக் கேட்டுக்கொண்டு வந்தாள். "மொத பிரசவம் மாசம் முடிஞ்சி நல்லபடியா ஆச்சுது. இப்ப வலியோ ரத்தமோ எதுவும் இல்ல. நல்லா சாப்ட்டுக்கினு குடுக்கலாம். போகப் போக பால் தானா கொறையும், அவளே உட்டாலும் உட்டுருவா. எதுனா வித்தியாசமா இருந்தா உடனே ஓடி வா" என்று அந்த அம்மா சொன்னாராம். உன் அம்மா அதற்கு ஒரே கேள்விதான் கேட்டாள்: "அந்தம்மா எத்தினி பெத்துது?"

எனக்கு இதில் பேச வாய் இல்லை. மாமனார் நுழைகிற விஷயமா இது? ஆனால் காதை மூட முடியாதே. ஒருநாள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே யாழினி சட்டம் பேசிக்கொண்டிருந்தாள். "இது எனுக்கு. அது தம்பிப் பாப்பாக்கு." செல்வி, "தம்பிப் பாப்பா இன்னும் வரவே இல்லியேடி" என்றாள். "வந்தா குடிக்கும். நான் தொட மாட்டேன்" என்றது அது. அப்படியே கொஞ்ச நாள் ஒரு பக்கம் மட்டும்தான் குடித்தாளாம். செல்வி உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உன் அம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மறுபடியும், "எப்ப நிறுத்தப் போற?" என்று ஆரம்பித்தாள்.

நீ வந்தபோது புகார் உன்னிடம் வந்தது. எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு நீ சொன்னதை நான் ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன்: "அவ ஒடம்பு, அவ புள்ள. எப்ப நிறுத்தணும்னு அவளுக்குத் தெரியும். நான் தலையிட மாட்டேன். நீயும் தலையிடாத மா." எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. என் பிள்ளைக்கு என்னைவிடப் பெரிய மனசு என்று டீக்கடையில் போய்ச் சொன்னேன். அன்றைக்கு மீன் குழம்பில் நடுத்துண்டைத் தேடி எடுத்து செல்வி உன் தட்டில் வைத்தாள். நீ அதைச் சாப்பிட்டாய். அப்போதே உன் மனசில் இது இருந்ததா, அப்புறம் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த முறை நீ வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம், "நைனா, புள்ள வீட்லயே அடஞ்சி கெடக்குது. கோட்டைக்குக் கூட்டிக்கினு போயி கொரங்கு காட்டேன்" என்றாய். பிஸ்கட் பாக்கெட் கூட நீயே வாங்கி வந்து கொடுத்தாய். எனக்குச் சொல்ல வேண்டுமா? சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு கெளம்பு" என்று வாசலில் நின்று குதித்தேன். யாழினியைத் தோளில் தூக்கிக்கொண்டு கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் படியெல்லாம் ஏறினேன். அவள் பிஸ்கட்டை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏய், அது என்னுது! எங்க அம்மாகிட்ட சொல்லிடுவேன்!" என்று மிரட்டினாள். அங்கே எழுதி வைத்திருந்த பலகையை நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். எத்தனையோ வருஷம் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து பீடி பிடித்திருக்கிறேன், அது பேசும் என்று தெரியாமல். நான் படித்து முடித்ததும் பிள்ளை கை தட்டியது. எங்கள் இரண்டு பேருக்கும் அன்று அப்படி ஒரு கொண்டாட்டம். நாங்கள் அங்கே ஆடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நீ இங்கே செல்வியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறாய்.

"அம்மா, கொரங்கு!" என்று கத்திக்கொண்டே, வீடு திரும்பியதும் யாழினி உள்ளே ஓடினாள். அடுப்படியில் பார்த்தாள், பின்கட்டில் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் தொங்கும் புடவையை விலக்கிப் பார்த்தாள். உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "அவங்க அம்மாக்கு மயக்கமாம். வல்லத்துலேர்ந்து போன் வந்துது. நாளிக்கி வந்துருவா" என்றாள். நீயும் திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு அதையே சொன்னாய். "ஆஸ்பத்திரி அங்க இங்கன்னு அலைவாங்க, புள்ள எதுக்கு நைனா" என்றாய். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பொழுது சாய்வதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். யாழினி உன் காலைப் பிடித்தபோது, "தாத்தாகிட்ட இரு கண்ணு" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய்.

நாளைக்கு, நாளைக்கு என்றே நாள்கள் போயின. யாழினி முதலில் அழுதாள். அப்புறம் அழுகையை விட்டுவிட்டாள். அழாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. சோற்றை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருப்பாள். என்னிடம் வருவதையும் நிறுத்திவிட்டாள். நான் வெளியே போகச் சட்டையை எடுத்தால் போதும், ஓடிப்போய் நிலைக்காலைப் பிடித்துக்கொள்வாள். "கோட்ட வாணாம் தாத்தா." நான், "கோட்டைக்கு இல்லடி, கடைக்குப் போலாம்" என்பேன். "வாணாம். நாம போனா அம்மா பூடுவா." குழந்தைக்கு அப்படித்தான் புரிந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் குரங்கு பார்க்கப் போனதால் அம்மா காணாமல் போய்விட்டாள். பைத்தியம் மாதிரி பேசுகிறதே என்று நினைத்தேன். அந்த வீட்டில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

உன் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு காலை வேளையில், சார்ஜில் கிடந்த அவள் போன் அடித்தது. நான் எடுத்தேன். "அத்த, இன்னிக்காச்சும் சாப்ட்டாளா?" என்று செல்வியின் குரல். "நான் மாமா பேசறேம்மா. அம்மாக்கு இப்ப எப்புடி இருக்குது?" என்று கேட்டேன். "யாரு அம்மாக்கு?" "ஒங்க அம்மாக்குத்தான். மயக்கம்னு சொன்னாங்களே." "அவங்க களை எடுக்கப் போயிருக்காங்க மாமா" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் அவள் சொன்னாள்: "ஏன் மாமா தெரியாத மாதிரி கேக்கறீங்க? என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல? 'பால மறக்கடிக்கிற வரிக்கும் அவ வல்லத்துல இருக்கட்டும். புள்ள என்கிட்ட இருக்கட்டும். நடுவுல வந்து நின்னா நான் புள்ளய காட்ட மாட்டேன்'னு நீங்கதான் சொல்லி அனுப்புனீங்களாம். வேற யாராச்சும் சொல்லியிருந்தா நான் அன்னிக்கே திரும்பி வந்திருப்பேன். நீங்க சொன்னதா சொன்னதாலதான் வாய மூடிக்கினு இருக்கறேன்." "நான் சொல்லலம்மா" என்றேன். "அப்ப அவரு பொய் சொல்றாரா?" என்றவள், "மாமா, கோட்டைக்குக் கூட்டிக்கினு போனது நீங்கதான?" என்று கேட்டாள். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வேன்? "போன்ல ஆளாளுக்கு இன்னா இன்னாவோ சொல்றீங்க. நான் யாரதான் நம்பறது?" என்று சொல்லி வைத்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அந்தப் போனிலேயே உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. "எதுக்குடா என் பேர சொன்ன?" என்றேன். "ஒன் மேல அவளுக்குக் கோவம் வராது நைனா. அம்மா பேர சொன்னா ரெண்டு பேருக்கும் சண்ட வரும். நான் சொன்னேன்னா என்கிட்ட பேச மாட்டா. நீ சொன்னா மறுபேச்சு இல்லாம கேப்பா. அதான்." "நான் சொல்லவே இல்லியேடா." "சொன்னதாத்தான் இருக்கட்டுமே, இன்னா இப்ப? என்கூட வேல செய்யறவன் பொண்டாட்டிக்குக் கலைஞ்சி பூட்டுது. எனக்கு பயமா இருக்குது நைனா. புள்ள கொஞ்ச நாள்ல மறந்துடும், எல்லாம் சரியாப் பூடும். டென்ஷன் ஆவாத. சூப்பர்வைசர் பாக்கறான், வெச்சிடறேன்." வைத்துவிட்டாய்.

பயப்பட்டது தப்பில்லை ஏழுமலை. செல்வி வயிற்றில் இருப்பது உன் பிள்ளை, உனக்குப் பயம் இல்லாமல் யாருக்கு இருக்கும்? அந்தப் பயத்தை அவளிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் டாக்டரிடம் போய் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். அவரே நிறுத்தச் சொல்லியிருந்தாலும் அவள் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதை சொல்லி, கெஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தியிருப்பாள். நீ எங்கள் முன்னால் பெரிய மனுஷனாகப் பேசிவிட்டு, பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு, அதை மறைக்க என்னை எடுத்துக்கொண்டாய். அவளுக்கு என்மேல் இருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததா? யாழினி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் யாரோ, "பொண்ணா?" என்று உச்சுக் கொட்டினார்கள். நான் அங்கிருந்தே போய் கமிட்டி ஆட்கள் அத்தனை பேருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். அது எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போடுவாள். அதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் உள்ளுக்குள் வைத்திருந்தேன். நீ என்னைக் கேட்காமல் அதை எடுத்துச் செலவழித்துவிட்டாய்.

உன் அம்மா அரிசிப் பையோடு வந்தாள். கேட்டேன். "ஆமா, நானும் அவனும் பேசித்தான் செஞ்சோம். நல்லதுக்குத்தான?" என்றாள். "என் பேர எதுக்குடி சொன்னீங்க?" பையைக் கீழே வைத்தாள். "ஒன் பேரா? அது எனக்குத் தெரியாதே. அவங்க அம்மா வூட்ல சொல்லிப் புரியவெச்சிட்டேன்னுதான என்கிட்ட சொன்னான்?" ஆக அவளிடமும் நீ முழுசாகச் சொல்லவில்லை. அப்புறம் அவள் ரொம்ப நேரம் யாழினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் தங்கை வயிற்றில் இருந்தபோது உனக்கு எப்படிப் பால் மறக்கடித்தார்கள் என்று சொன்னாள். வேப்பெண்ணெய் தடவினார்களாம். நீ அதை உள்ளங்கையால் துடைத்துவிட்டுக் குடித்தாயாம். அப்பேர்ப்பட்ட பிள்ளையடா நீ. வசம்பு தடவிப் பார்த்தும் முடியாமல், கடைசியில் உன்னைத் தூக்கிப்போய்ச் சிங்கவரத்தில் அத்தை வீட்டில் விட்டார்கள். அது எனக்கும் தெரியும். தெரியாததை அன்றைக்குத்தான் சொன்னாள். "எனக்கு ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி கட்டிக்கினு ஜொரம் அடிச்சுது. கெணத்தாண்ட போயி நின்னு பீச்சி மண்ணுல உட்டேன். யாரு என்ன கேட்டா?" இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து இது வந்ததே இல்லை. "அப்புறம் ஏண்டி இவளுக்கும் அதையே செஞ்ச?" என்றேன். "எனக்கு வேற இன்னா தெரியும்? யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள். எழுந்து போய்ப் பிள்ளைக்கு முகம் கழுவி, தலை வாரி, கவுன் மாட்டினாள். "கூட்டிக்கினு போ. நான் வரல. அவ மூஞ்சில எப்புடி முழிப்பேன்?" என்றாள்.

யாழினி வாசலைத் தாண்ட மாட்டேன் என்றாள். "அம்மாகிட்டதாண்டி போறோம்" என்று சொன்னால், "பொய்யி" என்கிறாள். இரண்டு வயசுப் பிள்ளை. அலற அலறத் தூக்கிக்கொண்டு போனேன். அன்று அமாவாசை. பஸ் ஸ்டாண்டு முழுக்க மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டம். "தாத்தா, மலையனூரு ஏறு ஏறு, சீட்டு இருக்குது" என்று ஒரு கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்தார். "வல்லம் போவணும்பா" என்று விடுவித்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் பலகையைப் படித்தே ஏறினேன். வேறு நாளாக இருந்தால் அதற்கே ஊரைக் கூட்டியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "ஏன் பாப்பா இப்புடி அழுவுது?" என்று கேட்டாள். "அம்மாவத் தேடுதும்மா." "அம்மா எங்க கண்ணு?" என்று அவள் யாழினியைக் கேட்க, இவள் என்னைக் கை காட்டி, "தாத்தா ஒளிச்சி வெச்சிட்டாரு" என்றாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "யோவ் பெரியவரே, எங்கய்யா வெச்ச?" என்று பின்சீட்டில் இருந்து ஒரு ஆள் கேட்டார். நானும் சிரித்தேன். சிரித்த வாயை மூடுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைப்பது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செல்வி வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் குடத்தை அப்படியே கீழே வைத்தாள். பிள்ளை பாய்ந்து ஓடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. என் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. செல்வி கூப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள், சும்மா உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து யாழினி தானாக நடந்து போய், அம்மாவின் கன்னத்தில் பளார் என்று ஒரு அறை வைத்தாள். அதற்கப்புறம்தான் மடியில் விழுந்தாள். "பாச்சி" என்றாள். நான் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். காதில் விழுந்தது மட்டும் சொல்கிறேன். "வரல." "வருண்டி கண்ணு, குடிச்சிப் பாரு." "வேற மாறி இருக்குது. வாணாம். தண்ணி குடு."

எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "எப்புடியும் ஒரு நாளு அவளே போதும்னு சொல்லுவா, அந்த ஒரு நாளுக்காகத்தான் பாத்துக்கினு இருந்தேன் மாமா. அன்னிக்கு நீங்க கெளம்பு கெளம்புன்னு வாசல்ல நின்னுக்கினு இருந்தீங்க. 'தாத்தா காத்துக்கினு இருக்காரு பாரு, வந்து குடிக்கலாம்'னு பாதியிலயே எடுத்து உட்டு அனுப்புனேன். அதான் கடைசின்னு ஒருத்தரும் என்கிட்ட சொல்லலியே."

மோரைக் கீழே வைத்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. "நான் அப்படிச் சொல்லலம்மா" என்று மட்டும் மறுபடியும் சொன்னேன். "கூட்டிக்கினு வந்துட்டீங்க இல்ல, உடுங்க மாமா" என்றாள். நம்பினாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து யாழினி பிஸ்கட் கேட்டாள். எதிரேதான் கடை, நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியும். "வாடி, தாத்தா வாங்கித் தரேன்" என்று கையை நீட்டினேன். அவளும் வந்துவிட்டாள். செல்வி உள்ளேயிருந்து அவசரமாக வெளியே வந்தாள். "இருங்க மாமா, நானும் வரேன்." வேகாத வெயிலில், வயிற்றோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடைவரை எங்கள் பின்னாலேயே வந்தாள். பிஸ்கட் வாங்கியதும் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. போகும்போது, "பாத்துப் போங்க மாமா" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

ஏழுமலை, யாழினி மறுபடியும் குடிக்கிறாளோ இல்லையோ, அது அவர்கள் இரண்டு பேர் விஷயம். நீ அதைக் கேட்கவே கேட்காதே. உன் பயத்துக்கு மருந்து வேண்டுமென்றால் செல்வியை டாக்டரிடம் நீயே அழைத்துப்போ. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உனக்குத் தோன்றியதை எல்லாம் வாய் திறந்து கேள். அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். நீ வந்து நடந்ததை நேரில் சொன்னால்தான் இந்த வீட்டுக்குத் திரும்புவேன் என்று செல்வி உன் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் லீவு போட்டுவிட்டு நேராக வல்லம் போ. இங்கே வராதே. போனில் சொல்லிக் கழித்துவிடலாம் என்று நினைக்காதே. அவள் அம்மாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "நான்தான் செஞ்சேன், நைனாவுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று சொல். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று அதோடு சேர்த்துச் சொல்லாதே. அவள் அழுதாலும் பேசாமல் இருந்தாலும், பதிலுக்கு உன் கம்பெனிக் கதையை எடுக்காதே. பொம்மை, மிட்டாய் எதுவும் வாங்கிப் போகாதே.

நீ போகிற நாளை எனக்கு முன்கூட்டிச் சொல். நானும் வருகிறேன். உள்ளே வர மாட்டேன், தெருவிலேயே நிற்கிறேன். நீ சொல்லி முடித்த பிறகு, எதிர்க்கடைக்குப் போக யாழினியிடம் கையை நீட்டப் போகிறேன். அவளை என்னோடு தனியாக அனுப்புகிறாளா என்று நான் பார்க்க வேண்டும்.

உன் நைனா